வால் உள்ள கோப்புகள்: ஒரு கல்யாணப் பத்திரிகை வரலாறு

கோப்புன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு வால் இருக்கும். புள்ளி வச்சு டாக், புள்ளி வச்சு பி.டி.எஃப்., புள்ளி வச்சு ஜே.பி.ஜி. இந்த வாலைப் பத்தித்தான் இந்தப் பதிவு. "இதுல என்னய்யா வரலாறு?"ன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுங்க. தமிழ்ல தட்டச்சு செஞ்சவங்களுக்கு இந்த வால் போதாதுன்னு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வாலும் இருந்துச்சு. அதைப் பத்தி யாரும் யாருக்கும் சொல்லித் தரல. எத்தனையோ வீட்டுல எத்தனையோ எழுத்து இன்னைக்கும் படிக்க முடியாம கிடக்கறதுக்கு அதுதான் காரணம்.

எங்க பக்கத்து உதாரணத்தை வச்சே சொல்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில கோவளம் தாண்டி மாமல்லபுரம் போற வழியில இருக்கு திருவிடந்தை. திருமங்கையாழ்வார் பாடின ஊர். காலவ ரிஷியோட 360 பெண்களையும் நாளுக்கு ஒருத்தரா கல்யாணம் பண்ணிக்கிட்டு, கடைசியில எல்லாரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் வச்சுக்கிட்டாராம் பெருமாள். அதனால இவர் நித்யகல்யாணப் பெருமாள். கல்யாணம் தள்ளிப் போறவங்க ரெண்டு மாலையோட வருவாங்க. அதுல ஒண்ணைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கிட்டு ஒன்பது சுத்து சுத்தி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பத்திரமா வச்சிருப்பாங்க. கல்யாணம் முடிஞ்சதும் அந்தக் காய்ஞ்ச மாலையைக் கோயிலுக்கே கொண்டு வரணும்.

தினமும் கல்யாணம் நடக்கற சாமி இருக்கற ஊருக்குப் பக்கத்துல டி.டி.பி. கடை வச்சா என்ன வேலை வரும்? ஜாதகம், பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை. கோவளம் பக்கம் அப்படிக் கடை வச்சிருந்த நண்பர்கிட்ட உக்காந்து வேடிக்கை பாத்ததுலதான் எனக்கு இந்தக் கோப்பு வகை விவகாரம் பிடிபட்டுச்சு. அதனால கல்யாணப் பத்திரிகையையே கயிறாப் பிடிச்சுக்கிட்டு வரலாற்றுக்குள்ள இறங்கலாம்.

மூணு எழுத்து வால்

1970களில் கேரி கில்டால் எழுதின சி.பி.எம். இயங்குதளத்துல கோப்புக்குப் பேர் எட்டு எழுத்து, வகைக்கு மூணு எழுத்து. 1981-ல வந்த எம்.எஸ். டாஸ் அதையே எடுத்துக்கிச்சு. கிடைச்ச இடம் அவ்வளவுதான். அந்த மூணு எழுத்தைப் பாத்துத்தான் "இதை எந்த மென்பொருள்ல திறக்கணும்"னு கணினி முடிவு பண்ணும். கடைக்கு வெளியில தொங்கற பேர்ப்பலகை மாதிரி. பலகையை மட்டும் மாத்தினா கடை மாறாது. டாக்னு இருக்கறதை பி.டி.எஃப்.-னு பேர் மாத்திட்டு "திறக்க மாட்டேங்குது தம்பி"ன்னு வர்றவங்களை நீங்களும் பாத்திருப்பீங்க.

1995-ல விண்டோஸ் 95 வந்துச்சு. நீளமான பேர் வைக்கலாம்னு ஒரு நல்லது செஞ்சாங்க. கூடவே, தெரிஞ்ச வகைக் கோப்புகளோட வாலை மறைச்சு வைக்கற ஏற்பாட்டையும் கொண்டு வந்தாங்க. சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எதுக்குங்கற எண்ணம். இதுக்கான பில் 2000 மே மாசம் வந்துச்சு. "ஐ லவ் யூ" வைரஸ் ஞாபகம் இருக்கா? காதல் கடிதம்னு பேர் போட்டு, முன்னாடி டி.எக்ஸ்.டி., பின்னாடி வி.பி.எஸ்.-னு ரெண்டு வால் வச்சுக்கிட்டு மின்னஞ்சல்ல வந்துச்சு. விண்டோஸ் கடைசி வாலை மறைச்சிடும். பாக்கறவங்களுக்கு அது வெறும் எழுத்துக் கோப்பு. சொடுக்கினாங்க, போச்சு. உலகம் முழுக்க லட்சக்கணக்கான கணினிகள் மாட்டிக்கிச்சு.

இதெல்லாம் உலகப் பொதுக் கதை. இனிமே நம்ம கதை.

பேஜ்மேக்கரும் இன்னொரு வாலும்

பேஜ்மேக்கர் 1985-ல ஆல்டஸ் கம்பெனி கொண்டு வந்தது. 1994-ல அடோபி கைக்குப் போச்சு. 2001-ல வந்த 7.0 தான் கடைசிப் பெரிய பதிப்பு. கம்பெனி கைவிட்ட பிறகும் நம்ம ஊர் அச்சகங்கள் பல வருஷம் அதை விடல. ஏன்னா, அச்சகத்துக்காரர் காசு கொடுத்து வாங்கின தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அதுலதான் ஒழுங்கா வேலை செஞ்சுச்சு.

அந்த எழுத்துருக்கள் எப்படி வேலை செஞ்சுதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. அன்னைக்கு ஒரு எழுத்துருவுக்கு 256 இடம்தான். அதுல பாதி, அதாவது 128, ஆங்கிலத்துக்குப் போயிடும். தமிழுக்கோ 247 எழுத்து, கூடவே கிரந்தம். அதனால எழுத்தை உடைச்சாங்க. கொம்பு தனி, கால் தனி, கொக்கி தனி. உகர ஊகார எழுத்துகளுக்கு மட்டும் தனித்தனி வடிவம். (1978-ல தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்து ணா, றா, னா, லை, ளை மாதிரி எழுத்துகளோட பழைய வடிவத்தை எடுக்காம இருந்திருந்தா இன்னும் சில இடம் தேவைப்பட்டிருக்கும்.)

சரி, உடைச்ச துண்டுகளை எந்தெந்த எண்ல வைக்கறது? அதை ஒவ்வொரு எழுத்துருக்காரரும் அவரவர் இஷ்டத்துக்கு முடிவு பண்ணினாங்க. இலங்கைத் தமிழர்கள் மத்தியில பரவலா இருந்த பாமினியில 'தமிழ்'னு அடிச்சா, கோப்புக்குள்ள உண்மையில இருக்கறது ஜே, கே, பி, ஓ, கடைசியா ஒரு அரைப்புள்ளி. அதே சொல்லை திஸ்கியில அடிச்சா முக்கால்ங்கற பின்னக் குறி, தலையில கோடு போட்ட ஏ, அமெரிக்க சென்ட் குறி, தலையில கோடு போட்ட யூ. ரெண்டு கோப்புக்கும் வால் ஒண்ணுதான், டாக். எழுத்துரு கூடவே இருந்தா தமிழ். இல்லேன்னா ஜிலேபி.

இதுதான் நான் சொன்ன இன்னொரு வால். இங்கிலீஷ்காரனுக்கு "இது என்ன கோப்பு?"ங்கற ஒரு கேள்வி போதும். தமிழனுக்கு "எந்த எழுத்துருவுல அடிச்சது?"ன்னு ரெண்டாவது கேள்வியும் உண்டு. ரெண்டாவதுக்கான பதில் கோப்போட பேர்ல எங்கேயும் இருக்காது.

கல்யாண வீட்டுக்காரர் ஃப்ளாப்பியை எடுத்துக்கிட்டு இன்னொரு அச்சகத்துக்குப் போவார். "அண்ணே, இது நம்மகிட்ட வராது, மறுபடி அடிக்கணும்"னு பதில் வரும். மறுபடி அடிச்சா மறுபடி காசு, மறுபடி பிழை. மாப்பிள்ளையோட தாத்தா பேர் மாறிப் போய் சம்பந்தி வீட்டோட மனஸ்தாபம் ஆன கதையெல்லாம் உண்டு :-)

கூடிப் பேசினாங்க

இந்தக் குழப்பத்தை முதல்ல உணர்ந்தவங்கள்ல நிறைய பேர் வெளிநாட்டுல இருந்தவங்க. கனடாவுல 'ஆதமி' செஞ்ச முனைவர் சீனிவாசன், மலேசியாவுல 'முரசு அஞ்சல்' முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்துல 'மயிலை' எழுத்துரு செஞ்ச கல்யாணசுந்தரம், சிங்கப்பூர்ல 'கணியன்' நா. கோவிந்தசாமி. ஊருக்குக் கடிதம் போடணும், அது அங்கே படிக்கற மாதிரி போய்ச் சேரணும்ங்கற தேவை அவங்களுக்கு அதிகம். 1997-ல சிங்கப்பூர்ல தமிழ்நெட் 97 மாநாடு கூடினாங்க. மின்னஞ்சல்லயே விவாதம் பண்ணி உருவாக்கினதுதான் திஸ்கி. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு. அதுலேருந்து தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப்னு ரெண்டு குறியீட்டு முறையும் வந்துச்சு. டாம்ல தமிழ் மட்டும், டாப்ல தமிழும் ஆங்கிலமும். 2000-ல உத்தமம் அமைப்பு.

தரம் ஒண்ணு வேணும்னு கூடினவங்க கையில இப்போ திஸ்கி, டாம், டாப்னு மூணு தரம். வெளியில பழைய எழுத்துருக்கள் அப்படியே. அரசு அலுவலகங்கள்ல வானவில் ஔவையார், பத்திரிகைத் தளங்கள்ல ஆளுக்கொரு எழுத்துரு. சாதாரண ஆளுக்கு எதுவும் மாறல.

மாத்தினது யூனிகோடு. 1991-ல வந்த முதல் பதிப்புலேயே தமிழுக்கு இடம் இருந்துச்சு. இந்திய அரசோட இஸ்கி அடுக்கை வச்சு அமைச்சது அது. அதுல 'தமிழ்'ங்கற சொல்லுக்கு அஞ்சு குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. எந்த எழுத்துரு போட்டாலும் அதே அஞ்சுதான். அதாவது அந்த ரெண்டாவது கேள்விக்கே வேலை இல்ல.

ஆனா கைக்கு வர வருஷம் ஆச்சு. விண்டோஸ் 2000-லதான் லதா எழுத்துருவோட தமிழ் வந்துச்சு. எக்ஸ்.பி.யில தமிழ் ஒழுங்காத் தெரியணும்னா கன்ட்ரோல் பேனலுக்குள்ள போய், 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்'னு ஒரு கட்டத்துல டிக் போட்டு, விண்டோஸ் சி.டி.யை உள்ளே தள்ளணும். பிரவுசிங் சென்டர்ல போய் "அண்ணே, விண்டோஸ் சி.டி. இருக்கா?"ன்னு கேட்டா அவர் நம்மளை மேலும் கீழும் பார்ப்பார். 2007-ல விஸ்டா வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீந்துச்சு.

இந்த இடைவெளியில பாலம் போட்டவங்களை நம்ம ஆட்கள் மறக்கக் கூடாது. சுரதா யாழ்வாணனோட பொங்குதமிழ் மாற்றி, 'தமிழா' குழுவோட எ-கலப்பை, விஸ்வநாதனோட அழகி, நியூ ஹொரைசன் மீடியாவோட என்.எச்.எம். ரைட்டரும் கன்வர்ட்டரும். ஒரு பெட்டியில ஜிலேபியை ஒட்டினா இன்னொரு பெட்டியில தமிழ் வரும். பாக்க எளிசு. உள்ளே வேலை அதிகம். பழைய முறையில 'கொ' எழுத, கண்ணுக்குத் தெரியற வரிசையில கொம்பு முதல்ல, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடுல க முதல்ல, உயிர்க்குறி பின்னாடி. எழுத்துக்கு எழுத்து மாத்தினா மட்டும் போதாது, வரிசையையும் திருப்பணும். 1998 பொங்கல் அன்னைக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் முதல்ல மயிலை, அப்புறம் திஸ்கி, அப்புறம் யூனிகோடுன்னு தன்னோட நூல்களை மாத்திக்கிட்டே வந்துச்சு. அதனாலதான் அவை இன்னைக்கும் படிக்கக் கிடைக்குது.

2010-ல கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசு யூனிகோடைத் தரமா அறிவிச்சுது. அது பொருந்தாத இடங்களுக்கு டேஸ் 16. அச்சுத் துறைக்கு அதுக்கப்புறமும் நேரம் பிடிச்சுது. 2012-ல வந்த சி.எஸ். 6-லதான் இன்டிசைனுக்குள்ள இந்திய மொழிகளுக்கான ஏற்பாடு சேர்ந்துச்சு. நடுவுல 2007-ல டாக் போய் டாக்எக்ஸ் வந்து, பழைய வேர்டு வச்சிருந்தவங்களைத் தவிக்க விட்டது தனிக் கதை.

ஐயாவோட சி.டி.

இதெல்லாம் தொழில்நுட்பம் தெரிஞ்சவங்க கதை. தெரியாதவங்களுக்கு என்ன ஆச்சு?

எங்க பக்கத்துல ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருத்தர் இருக்கார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில மாசம், இந்தக் கடலோரக் குப்பங்கள்ல நடந்து நடந்து போய் ஜனங்க சொன்னதை நோட்டுல எழுதினார். யாரோட கட்டுமரம் போச்சு, எந்தெந்த வலை போச்சு, யார் யாரைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க, ஊர்ல முன்னே எந்த இடம் வரைக்கும் மணல்மேடு இருந்துச்சு, எல்லாம். 2005-ல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து ஒரு விரலால அடிச்சு சி.டி.யில போட்டு வச்சார். நோட்டுகளைக் கரையான் தின்னுடுச்சு. சொன்னவங்கள்ல பாதிப் பேர் இன்னைக்கு இல்ல.

சில வருஷம் முன்னாடி அந்த சி.டி.யை எடுத்துக்கிட்டுப் போயிருக்கார். ரெண்டு கடையில ஒரே பதில்: "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார், டெலீட் பண்ணிடுங்க." அதுக்கப்புறம் எங்கிட்ட கொண்டு வந்தார்.

"தம்பி, நான் அடிச்சது பூரா போச்சாமே?"

"இருங்க ஐயா, பார்க்கலாம்."

திறந்தா முழுக்க ஜிலேபி. ஆனா வரிகள் ஒழுங்கா இருக்கு, பத்தி ஒழுங்கா இருக்கு, தேதிகள் சரியா இருக்கு. கெட்டுப் போன கோப்பு இப்படி இருக்காது. எழுத்தெல்லாம் உள்ளேதான் இருந்துச்சு, அதைத் தமிழாக் காட்டற எழுத்துரு மட்டும் இல்ல. வேர்டுல ஒரு நல்ல விஷயம் உண்டு. எழுத்துரு நம்ம கணினியில இல்லாட்டியும், மேலே இருக்கற எழுத்துருப் பெட்டியில அதோட பழைய பேரை அப்படியே காட்டும். பேர் கிடைச்சுது. எழுத்துரு கிடைக்கல. எந்த மாற்றியிலயும் அந்தப் பேர் இல்ல.

"அப்பவே அச்சு எடுத்தது ஏதாவது இருக்கா ஐயா?"ன்னு கேட்டேன். யோசிச்சார். நாலு பக்கம் மட்டும் எடுத்து ஒரு கோப்புறையில வச்சிருந்தார். அந்த நாலு பக்கம்தான் சாவி. பக்கத்துல வச்சுக்கிட்டு, இந்தக் குறிக்கு இந்த எழுத்துன்னு ஒரு அட்டவணை போட்டோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நாலு பக்கத்துல வராத எழுத்துகளை, வரியைப் படிச்சு அவரே ஊகிச்சார். தமிழ் வாத்தியார் இல்லையா! அப்புறம் ஒவ்வொண்ணாத் தேடி மாத்தறது, கொம்பு வர்ற இடங்கள்ல வரிசையைத் திருப்பறது. ரெண்டு வார விடுமுறை போச்சு. வேர்டுல இருந்தது எல்லாம் வந்துச்சு. மூணு கோப்பு மட்டும் பேஜ்மேக்கர், அந்த இடத்துல சி.டி. உரிஞ்சு போயிருந்துச்சு. அது வரல.

திருவிடந்தைக் கோயில்ல சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கு. ஆயிரம் வருஷமாச்சு, இன்னும் படிக்கறாங்க, இருபது வருஷக் கோப்பைப் படிக்க முடியலன்னு சொல்லத் தோணும். ஆனா கல்வெட்டையும் யாரும் சும்மா போய்ப் படிச்சுட முடியாது. பெரும்பாலும் புள்ளி இருக்காது, எ-ஏ வித்தியாசம் இருக்காது, எழுத்தோட வடிவமே வேற. கல்லு நிலைச்சு நிக்கறதால மட்டும் படிக்க முடியல. படிக்கற முறையை ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டே வர்றதாலதான் முடியுது. கோப்புக்கும் அதேதான். கோப்பைச் சேமிச்சா மட்டும் போதாது, அதைப் படிக்கற முறையையும் கூடவே சேமிக்கணும்.

சரி, நாம என்ன பண்றது?

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் உதவப் போறவங்க நீங்கதான். அதனால சுருக்கமா:

1. முதல் வேலையா, விண்டோஸ்ல கோப்பு வால் தெரியற மாதிரி அமைப்பை மாத்துங்க. இது பாதுகாப்புக்கும் நல்லது. 2024-ல கல்யாண அழைப்பிதழ்னு பேர் போட்டு வாட்ஸ்அப்புல ஏ.பி.கே. கோப்பு அனுப்பி போனைச் சூறையாடினாங்க. ஹிமாசலப் பிரதேசப் போலீஸ் எல்லாம் எச்சரிக்கை விட்டாங்க. பத்திரிகைன்னா படமாவோ பி.டி.எஃப்.-ஆவோதான் வரும். ஏ.பி.கே.ங்கறது போன்ல நிறுவற மென்பொருள். அதே காதல் கடிதம்தான், 24 வருஷம் கழிச்சு கல்யாணப் பத்திரிகையா வந்திருக்கு!

2. ஜிலேபியாத் தெரிஞ்சா "கெட்டுப் போச்சு"ன்னு முடிவு கட்டாதீங்க. எழுத்துருப் பெட்டியில பேரைப் பாருங்க. பாமினி, வானவில், திஸ்கி, டாப் மாதிரி பிரபலமானதுக்கு மாற்றிகள் இருக்கு.

3. பி.டி.எஃப். பாக்கத் தமிழா இருந்தா மட்டும் நம்பாதீங்க. எழுத்துரு உள்ளேயே பொதிஞ்சிருக்கறதால அழகாத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடுல ஒட்டிப் பாருங்க. ஜிலேபி வந்தா உள்ளே பழைய குறியீடுதான். அதுல தேடவும் முடியாது.

4. பேஜ்மேக்கர் கோப்பு இருந்தா சீக்கிரம் வெளியே எடுங்க. இன்டிசைன் சி.எஸ். 6 வரைக்கும்தான் 6.0-லயும் அதுக்குப் பிந்தைய பதிப்புகள்லயும் செஞ்ச பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். இலவசமா வேணும்னா லிப்ரே ஆபீஸ் 4.4-லேருந்து ஓரளவு திறக்குது. வடிவம் கொஞ்சம் கலையும், எழுத்து கிடைச்சா போதாதா?

5. எல்லாத்தையும் ரெண்டு விதமா வைங்க: யூனிகோடுல வெறும் எழுத்துக் கோப்பா ஒண்ணு, பி.டி.எஃப்.-ஆ ஒண்ணு. முடிஞ்சா ஒரு தாளும். ஐயாவைக் காப்பாத்தினது அந்தத் தாள்தான்.

6. பழைய சி.டி.யில இருக்கறதை இந்த வாரமே வன்தட்டுக்கு மாத்துங்க. கோப்பு வகைப் பிரச்சினைக்கு வழி உண்டு. சி.டி. உரிஞ்சா வழி கிடையாது.

கல்யாணம் ஆகணும்னு வாங்கின மாலையை, காய்ஞ்சு சருகானாலும் மாசக்கணக்கா பரண்ல வச்சுக் காப்பாத்தற ஜனங்க நாம. நம்ம அப்பா அம்மா ஒரு விரலால அடிச்சு வச்சதையும் அப்படிக் காப்பாத்தலாமே. உங்க வீட்டுப் பழைய சி.டி.யில என்ன எழுத்துருப் பேர் காட்டுதுன்னு பாத்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. ஐயா போட்ட அட்டவணை எங்கிட்ட இருக்கு. யாருக்காவது அதே எழுத்துருவா இருந்தா ரெண்டு வாரம் மிச்சம்.